தட்டை மட்டும் பாரு

சின்னவன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி, தட்டோடு வந்து நின்றான். அவனுக்கு முன்னால் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. ஆனாலும் யாரோ முன்னால் நிற்பதுபோலக் கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்தான். பிறகு தட்டை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, "அடுத்தது நான்" என்றான்.

தையல்காரி கரண்டியோடு திரும்பினாள். "என்னடா கூத்து இது? போய் உக்காரு, கொண்டுவந்து வைக்கறேன்."

"இல்லம்மா. போட்டதும் நான் இந்தப் பக்கமா நகர்ந்துடுவேன். நடுவுல நின்னா பின்னாடி இருக்கறவங்களுக்கு லேட்டாகும்."

"எந்தப் பின்னாடி இருக்கறவங்க?"

மூத்தவள் தரையில் உட்கார்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் வாய் கப்பென்று மூடிக்கொண்டது. ஆறு வயதுப் பிள்ளைதான், வாயைக் கட்டத் தெரிந்திருந்தது. கைகாலைக் கட்டத் தெரியவில்லை, பாவம்.

தையல்காரி இருவருக்கும் சோறு போட்டாள், சாப்பிட்டார்கள், இரண்டு பேரும் தட்டைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டிலில் அவள் புருஷன், வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பதடி உயரத்தில் பதினோரு வருஷம் ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தவர், கீழே இறங்கி வந்து, தரையிலிருந்து நாலாவது படியில் வழுக்கி விழுந்தார்.

"என்னங்க, பிள்ளைங்க தினமும் லைப்ரரிக்குத்தானே போகுதுங்க?"

"ஆமா."

"எந்த லைப்ரரியில தட்டு குடுக்கறாங்க?"

அவர் சுவரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார். "சொல்லிடறேன். திட்டறதுன்னா மெதுவாத் திட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். லைப்ரரிக்குப் பக்கத்து ஸ்கூல்ல லீவு முழுக்க மத்தியானச் சாப்பாடு போடறாங்க. எந்தப் பிள்ளை வந்தாலும் சும்மாவே. ஒன்பது நாளாச்சு. நான்தான் அனுப்பினேன்."

"சும்மாவா? நாம என்ன கையேந்தறவங்களா?"

"உடைஞ்சது என் கால். அதுக்கு அதுங்க வயிறு காயணுமா? நீ காலையில வெச்சுட்டுப் போறதை நாங்க மூணு பேரும் பங்கு போடறோம். மூத்தவ ரெண்டு வாய் தின்னுட்டு, 'பசிக்கலப்பா'ங்கறா. பத்து வயசு. பசிக்காத வயசா அது? நானும் எத்தனை நாளைக்கு நம்பற மாதிரி நடிக்கறது?"

அவளுக்குக் கோபம்தான் இன்னும் ஒரு படி ஏறியது. "பேர் எழுதியிருப்பாங்களே? அப்பா என்ன பண்றார், வீட்டுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு கேட்டிருப்பாங்களே?"

"பேர்கூடக் கேக்கறதில்லையாம்."

"பேர் கேக்காம எவன் சோறு போடுவான்? நாளைக்கு நான் போறேன். அந்தச் சோறு போடற மகராசியை நாலு கேள்வி கேட்டுட்டு, ரெண்டையும் கையோட இழுத்துட்டு வர்றேன். அதுங்ககிட்ட மூச்சு விட்டீங்க..."

"விடல. எனக்கு இன்னொரு கால் மிச்சமிருக்கு, அது வேணும்."

அவருக்குச் சிரிப்பு. அவளுக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கும் ஒரு பத்து வயது இருந்தது. ஒரு மண்டபத்தில் இலவசமாகச் செருப்பும் நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். ஒருவர் மேடையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு வேலை இல்லை என்பதையும் சேர்த்து மைக்கில் வாசித்தார். பிறகு, "பொட்டலத்தைத் தூக்கிப் பிடிங்க, சிரிங்க" என்று ஒரு படம். அந்தப் படம் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் தொங்கியது. யாரோ பேனாவால் அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிச்சைப் பாத்திரமாக மாற்றி வரைந்தார்கள். செருப்பு மூன்று மாதத்தில் பிய்ந்துவிட்டது. படம் பிய்யவில்லை.

மறுநாள் காலையிலிருந்து லாண்டரியின் பின்னறையில் ஜிப்பு மாற்றிக்கொண்டே அவள் சண்டையை ஒத்திகை பார்த்தாள். அவள் வேலை பார்த்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலை மூடியபிறகு கிடைத்த வேலை இது: கிழிசல் தைப்பது, ஓரம் மடிப்பது, ஜிப்பு. சண்டைக்கு முதல் வாக்கியம் முக்கியம். 'எங்களைக் கேக்காம எங்க பிள்ளைக்குச் சோறு போட நீங்க யாரு?' இது நன்றாக இருந்தது. 'உங்க தர்மத்துக்கு எங்க பிள்ளைதான் கிடைச்சுதா?' இது இன்னும் நன்றாக இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு எழுந்தாள். "ஒரு அரை மணி நேரம் வெளிய போயிட்டு வர்றேங்க."

"எங்கம்மா?" என்றார் லாண்டரிக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து.

"ஒரு ஆளைப் பாக்கணும்."

"நல்ல விஷயமா?"

"இல்ல."

அவர் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தின் முன்வாசலில் பிள்ளைகள் கூட்டம். தன் பிள்ளைகள் கண்ணில் பட்டால் ஓடிவிடுவார்கள் என்று அவள் பின்பக்கமாகச் சுற்றிப்போனாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் கால் வைக்கவில்லை, உள்ளிருந்து ஒருத்தி பாய்ந்து வந்தாள். குட்டையான, அகலமான உடம்பு, தலையில் துணித்தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் விசில். குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல், காற்றுப் போன பலூன் மாதிரி வந்தது.

"வந்தியா தாயே! பத்து மணிக்கு வரச் சொன்னா பன்னெண்டு மணிக்கு வர்ற. சரி சரி, பஸ் கிடைச்சிருக்காது. கையைக் கழுவு."

"இல்லீங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"கேளு. கையைக் கழுவிக்கிட்டே கேளு. சோப்பு அங்க. முழங்கை வரைக்கும்."

"எங்களைக் கேக்காம..."

"உன்னைக் கேக்காமதான் ஆபீஸ்ல இங்க போட்டுட்டாங்க, தெரியும். என்னையும் கேக்கல. எனக்கு ரெண்டு பேர் வேணும்னு சொன்னேன், ஒண்ணே ஒண்ணு அனுப்பியிருக்காங்க, அதுவும் ஒல்லியா." சொல்லிக்கொண்டே அவள் தையல்காரியைத் திருப்பி நிறுத்தி, முதுகுப்பக்கம் ஏப்ரன் கயிற்றை முடிந்தாள். "என்னை எல்லாரும் விசிலக்காம்பாங்க. தொண்டையில ஆபரேஷன், கத்த முடியாது. ஒரு நீட்டு விசில்னா வரிசை. ரெண்டு குட்டை விசில்னா ரெண்டாவது தடவை வாங்கிக்கலாம். என் குரல் போனதுல இங்க எல்லாருக்கும் சந்தோஷம்."

தையல்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் பார்வை சமையலறைக்குள் போய்விட்டது. மூன்று பெரிய பாத்திரம் நிறையக் காய்கறி போட்ட சோறு. தட்டு தட்டாக அவித்த முட்டை, உரித்தது பாதி, உரிக்காதது பாதி. பால் டம்ளர்கள் நூறுக்கு மேல் அடுக்கியிருந்தன. இத்தனைக்கும் அங்கே இருந்தது இந்த ஒரே ஒருத்திதான். வேலை அரைகுறையாக நிற்பதைப் பார்த்தால் தையல்காரியின் கை சும்மா இருக்காது. அது தொழிற்சாலையில் பழகிய கை. முட்டை உரிக்க ஆரம்பித்துவிட்டது. சண்டையை உரித்து முடித்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வாயும் ஒப்புக்கொண்டது.

"நீங்க ஒரே ஆளா இத்தனையும் பண்ணீங்க?"

"இன்னொரு பொண்ணு இருந்துச்சு, பிரசவத்துக்குப் போயிடுச்சு. நல்ல நேரம் பாத்துப் போச்சு! அஞ்சு மணிக்கு அடுப்பைப் பத்த வெச்சேன்."

"பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறவங்களுக்கு இப்ப லீவுதானே?"

"லீவுதான். போன வருஷமும் லீவு, அதுக்கு முந்தின வருஷமும் லீவு, அப்பவும் அடுப்பு எரிஞ்சுது." விசிலக்கா ஒரு பாத்திரத்தைத் தூக்கி மேசைமேல் வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி முன்பக்கமாகச் சாய்த்தாள்.

"ஏன் சாய்க்கறீங்க? கொட்டிடாதா?"

"கொட்டாது. குட்டைப் பிள்ளைங்களுக்கு உள்ள தெரியணும். இன்னும் நிறைய இருக்குன்னு கண்ணால பாத்தாதான் நிதானமாத் தின்னும். இல்லேன்னா தீர்ந்துடுமோன்னு அள்ளி அடைச்சுக்கும், அப்புறம் வயித்து வலி." கரண்டியை எடுத்துத் தையல்காரியின் கையில் வைத்தாள். "இப்பக் கேட்டுக்கோ. ஒரே ஒரு சட்டம்தான் இங்க. முகத்தைப் பாக்காத. தட்டை மட்டும் பாரு."

"அது என்ன அப்படி?"

"புதுசா வர்ற பிள்ளை நம்ம கண்ணைத்தான் பாக்கும். நாம பாவம்னு பாத்தாலும் தெரிஞ்சுடும், யாரு வீட்டுப் பிள்ளைன்னு பாத்தாலும் தெரிஞ்சுடும். மறுநாள் வராது. பழகினப்புறம் அதுவே பேசும், அப்பப் பாத்துக்கலாம். நான் யாரோட பேரையும் கேக்கறதில்ல. அதுங்களா சொன்னா உண்டு. எல்லாப் பேரும் தெரியும் எனக்கு, ஒண்ணுகூடக் கேட்டு வாங்கினதில்ல."

"யாரு புதுசு, யாரு பழசுன்னு எப்படித் தெரியும்?"

"தட்டைப் பிடிக்கறதுல. ஒத்தக் கையில ஆட்டிக்கிட்டு வந்தா பழசு. ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தா புதுசு. ஏதோ திருடின பொருள் மாதிரி." அவள் முட்டைத் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னாள். "ஒரு அக்காவும் தம்பியும் வர்றாங்க. தம்பி மூணாவது நாளே தட்டுல தாளம் போட ஆரம்பிச்சுட்டான். அந்தப் பொண்ணு ஒன்பது நாளா வருது, இன்னும் தட்டை நெஞ்சை விட்டு இறக்கல. ரெண்டாவது விசிலுக்கு எழுந்து வந்ததே இல்ல. யாரோ அது மனசுல நல்லா ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க, இங்க வர்றது கேவலம்னு."

தையல்காரியின் கையில் கரண்டி ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. விசிலக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் விசிலை வாயில் வைத்து ஒரே ஊதாக நீட்டி ஊதினாள். கூடத்துக் கதவு திறந்தது.

தட்டுகள் வந்தன. தையல்காரி முகத்தை நிமிர்த்தவில்லை. முகம் பார்க்காவிட்டாலும் கை தெரிந்தது. நகம் கடித்த கை, மை அப்பிய கை, பெரியவர் சட்டையை மடித்துவிட்ட கை. ஆட்டிக்கொண்டு வந்த தட்டு, சுழற்றிக்கொண்டு வந்த தட்டு. ஒரு கரண்டி, ஒரு முட்டை. ஒரு கரண்டி, ஒரு முட்டை.

"கேரட் வேணாம்" என்றது ஒரு தட்டு.

"கேரட்டும் உன்னை வேணாம்னுதான் சொல்லுச்சு, நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பறேன்" என்றாள் விசிலக்கா பக்கத்திலிருந்து. தட்டு சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

அப்புறம் ஒரு தட்டு தாளத்தோடு வந்தது. சட்டையின் மூன்றாவது பொத்தான் பச்சை நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே தைத்த பொத்தான். போட்டாள். தாளம் நின்றது. சின்னவன் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பின்னால் இருந்த பிள்ளை இடித்ததும், பழகிய கால் தானாக இடதுபக்கம் நகர்ந்துவிட்டது.

அடுத்த தட்டு நெஞ்சோடு இருந்தது. இரண்டு கையும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. தட்டு நீளவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மேசை மட்டும்தான்.

"அம்மா" என்றது ஒரு மூச்சு.

இழுத்துக்கொண்டு போக வந்தவள்தான் அவள். வாயில் இரண்டு வாக்கியம் தயாராக இருந்தது. அந்தக் கணுக்களைப் பார்த்தாள். மைக்கில் பெயர் வாசித்தபோது தன் பொட்டலத்தை இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றோம் என்பது ஞாபகம் வந்தது. ஆணி அடித்தது யார் என்பதும் தெரிந்தது. முகம் பார்த்தால் அழுதுவிடுவோம், பிள்ளையும் அழும், வரிசையே பார்க்கும்.

"தட்டை நீட்டு கண்ணு" என்றாள், தட்டிடமே. "சூடா இருக்கு."

தட்டு மெதுவாக நீண்டது. ஒரு கரண்டி, ஒரு முட்டை. எல்லோருக்கும் போட்டது எவ்வளவோ அவ்வளவு. "அடுத்தது."

வரிசை முடிகிற சமயத்தில் பழக்கடைக்காரர் ஆரஞ்சுக் கூடைகளோடு வந்தார். தினமும் வருகிறவர், விற்றதுபோக மிச்சத்தைக் கொடுக்காமல், காலையில் வந்த சரக்கிலேயே எடுத்து வைக்கிற மனுஷன் என்று விசிலக்கா காதோரம் சொன்னாள். அவர் ஒவ்வொரு மேசையாகப் பழம் வைத்துக்கொண்டே போனார். கடைசி மேசையில் நின்றார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"எல்லாரும் பழத்தைத் தூக்கிப் பிடிங்க பாக்கலாம்! சிரிங்க, சிரிங்க!"

கடைசி மேசையில் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். சின்னவன் பழத்தைத் தூக்கிவிட்டான். மூத்தவள் தலையை மேசைக்குக் கீழே இறக்கினாள்.

தையல்காரி எப்போது அந்தக் கூடத்தைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பழக்கடைக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றாள், கையில் சோறு ஒட்டிய கரண்டியோடு.

"போனை உள்ள வைங்க."

"என்னம்மா, நல்ல காரியம்தானே? கடையில மாட்டி வெப்பேன். பாக்கறவங்க இன்னும் நாலு பேர் உதவிக்கு வருவாங்க."

"மாட்டணும்னா உங்க முகத்தை மாட்டுங்க. இந்தப் பிள்ளை நாளைக்குக் காசு வெச்சுக்கிட்டு உங்க கடைக்கு ஒரு பழம் வாங்க வருதுன்னு வைங்க. சுவத்துல தன் முகம் பழத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது எப்படி உள்ள வரும்? உங்க பொண்ணைத் தட்டோட படம் பிடிச்சு ஊர் பாக்க மாட்டுவீங்களா? பசிக்குத் தின்ன வந்ததுங்க. உங்களுக்குச் சாட்சி சொல்ல வரல!"

முதல் வாக்கியம், இரண்டாவது வாக்கியம் என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. இது முப்பது வருஷமாக உள்ளே கிடந்தது, தானாக வந்தது. பழக்கடைக்காரரின் காது சிவந்துபோயிற்று.

"நான் அப்படி யோசிக்கலம்மா" என்றார். போனை அவள் முன்னாலேயே திருப்பிக் காட்டி, எடுத்த ஒரே படத்தையும் அழித்தார். "சத்தியமா யோசிக்கல."

பின்னால் ஒரு நீட்டு விசில். "அண்ணே, புது ஆளு சொன்னா சொன்னதுதான். எனக்கே இந்த ஒல்லிக்குச்சியைப் பாத்தா பயமா இருக்கு. கையைக் கழுவுங்க. அந்த மூலையில குட்டிங்களுக்குத் தோல் உரிக்கத் தெரியல."

அவர் தப்பித்தால் போதும் என்று மூலைக்குப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். ஒரு குட்டி, "நூல் எல்லாம் எடுங்க" என்று அதட்டியது. எடுத்தார்.

மூத்தவள் தலையை மேசைக்கு மேலே நிமிர்த்தியிருந்தாள். அம்மா யாரோடோ சத்தம் போட்டாள் என்பது தெரியும். தன்னோடு இல்லை என்பதுதான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. தையல்காரி குனிந்து, "சாப்பிடு. ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பினாள்.

இரண்டு குட்டை விசில். நாற்காலிகள் கிரீச்சிட்டன. முதல் ஆளாகத் தாளம் வந்தது. அதற்குப் பின்னால், நாலைந்து பிள்ளைகளுக்கு அப்புறம், இரண்டு கையால் பிடித்த ஒரு தட்டு. பிடி இன்னும் விடவில்லை. ஆனால் நெஞ்சை விட்டு ஒரு சாண் தள்ளி வந்திருந்தது.

"எவ்வளவு?" என்றாள் தையல்காரி, தட்டைப் பார்த்து.

"நிறைய" என்றாள் மூத்தவள்.

பக்கத்தில் விசிலக்கா தன் தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையாகத்தான் இருக்கும்.

கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கிற நேரத்தில் பின்வாசலில் ஒரு இளம்பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். "ஆபீஸ்ல அனுப்பினாங்க. உதவிக்கு. பஸ் மாறி ஏறிட்டேன்..."

விசிலக்கா அவளைப் பார்த்தாள், தையல்காரியைப் பார்த்தாள். "அப்ப நீ யாரு?"

"அந்தக் கடைசி மேசையில இருக்கற ரெண்டுக்கும் அம்மா." தையல்காரி ஏப்ரன் கயிற்றைத் தேடினாள், கைக்குக் கிடைக்கவில்லை. "உங்களோட சண்டை போட வந்தேங்க்கா."

"அதுக்கென்ன, போட்டியே. நல்லாத்தான் போட்ட." விசிலக்காவுக்குச் சிரிப்பு வந்தது, குரல் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சட்டென்று நின்றது. "அடக் கடவுளே. அந்த ஆணி விஷயம்... உன்கிட்டயே சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டீங்க."

"என் வாயைத் தைக்கணும். நீ தையல் வேலையா பாக்கற? விரல்ல ஊசிக்குத்து இருக்கே."

"ஆமாக்கா. ஆனா தைக்க வேணாம். யாராவது சொல்லியிருக்கணும்."

புதிதாக வந்த பெண், ஒன்றும் புரியாமல், சரி என்று கையைக் கழுவ ஆரம்பித்தாள். விசிலக்கா தனியாக ஒதுக்கி வைத்திருந்த சோற்றை ஒரு தட்டில் போட்டு மூடினாள். தாமதமாக ஓடி வருகிற பிள்ளைக்காகத் தினமும் ஒதுக்குவது. இரண்டு மணிவரை யாரும் வராவிட்டால்தான் அவள் சாப்பிடுவாள். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கை போகவில்லை என்பதைத் தையல்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். 'சோறு போடற மகராசி' என்று நேற்று சொன்னது ஏளனம். அதே வார்த்தையை இன்று அப்படியே நேராகச் சொல்லலாம்போல் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால், மேசையை இன்னொரு தரம் துடைத்தாள்.

வாசலில் மூத்தவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கோவமாம்மா?"

"கோவம்தான். பொய் சொன்னதுக்கு. சாப்பிட்டதுக்கு இல்ல."

"அப்பாதான் சொல்லச் சொன்னாரு" என்றான் சின்னவன், முந்திக்கொண்டு.

"அப்பாவை நான் வீட்டுல பாத்துக்கறேன்."

"நாளைக்கு...?" மூத்தவள் முழுசாகக் கேட்கவில்லை.

"நாளைக்கு ரோட்டைத் தாண்டறப்போ இவன் கையை விடாத. அதுதான் எனக்குப் பயம்." அவள் நடந்தாள். நாலு எட்டு போய்த் திரும்பினாள். "இன்னொண்ணு. அந்த அக்கா கேக்க மாட்டாங்க. நீயாப் போய் உன் பேரைச் சொல்லு."

லாண்டரிக்குள் நுழைந்தபோது இரண்டு மணி. லாண்டரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் இடுப்பில் இன்னும் கட்டியிருந்த ஏப்ரனைப் பார்த்தார்.

"அரை மணி நேரம்னு சொன்னீங்க. என்னம்மா ஆச்சு?"

"பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு வந்தேங்க."

"ரெண்டு பிள்ளைக்குச் சோறு போட ரெண்டரை மணி நேரமா?"

"நூத்து முப்பது பேருங்க" என்றாள் அவள். "அதுல பாதிப்பேர் ரெண்டு தடவை."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். விளையாட்டாகத் தெரியவில்லை. மேலே ஒன்றும் கேட்காமல், ஜிப்பு போன ஒரு கால்சட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்தாள்.